டமால் அக்காவின் கோப்பைக் கடை

“கீழ யாராச்சும் இருக்கீங்களா? போடறேன்!”

காலை பத்து மணிக்கு எங்கள் மாடிப்படியில் இந்தக் குரல் முதலில் வரும். அதன் பின்னாலேயே ஓர் அட்டைப்பெட்டி வரும். சில நாள் வரிசை மாறி, பெட்டி முந்திக்கொள்வதும் உண்டு. மூன்றாவது மாடியிலிருந்து, படிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி வழியாக அது நேரே தரைக்கு வந்து சேரும். ‘டமால்’ என்ற சத்தம் ஆறு வீட்டுக் கதவுகளையும் ஒருமுறை உலுக்கிவிட்டு அடங்கும். புதிதாகக் குடிவருபவர்கள் முதல் நாள் பதறியடித்துக்கொண்டு வெளியே ஓடிவருவார்கள். இரண்டாவது வாரத்தில் அவர்களும் எங்களைப் போல அந்தச் சத்தத்தை வைத்துக் கடிகாரத்தைச் சரிபார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

பெட்டியைப் போடுபவருக்கு ஐம்பத்தெட்டு வயது. மண் கோப்பைகள் செய்து இணையத்தில் விற்கிறார். எங்கள் கட்டடத்தில் அவருக்கு டமால் அக்கா என்று பெயர். யார் வைத்ததோ தெரியாது. தன் காதுக்கு எட்டியபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “டமால்னு கேட்டா சரி. சிலீர்னு கேட்டாத்தான் எனக்குக் கவலை” என்றார்.

கீழே நின்று பெட்டியை எடுப்பவர் அவருடைய கணவர். நாற்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறார். பெட்டியைக் காதருகே கொண்டுபோய், டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்பதுபோல மெதுவாகக் குலுக்குவார். பிறகு மேலே பார்த்துக் கட்டைவிரலை உயர்த்துவார். அன்றைய பார்சல்களில் எதைப் போடுவது என்று கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கி எடுப்பதும் அவர்தான். அது பிழைத்துவிட்டால் மற்றவையெல்லாம் கூரியருக்குப் போகத் தகுதி பெற்றவை என்று பொருள். மூன்று மாடி விழுந்த கோப்பையும் அதே வண்டியில் போய்விடும். “அது வாங்கறவங்களுக்குத் தெரியுமா அக்கா?” என்று ஒருமுறை கேட்டேன். “இருக்கறதுலயே கெட்டிக் கோப்பை அவங்களுக்குத்தானே போகுது? இதுல என்ன தப்பு?” என்றார்.

இந்தப் பழக்கத்துக்குக் காரணம் உண்டு. இணையத்தில் கடை தொடங்கிய முதல் வாரம் ஐந்து கோப்பைகள் அனுப்பினார். மூன்று துண்டு துண்டாகப் போய்ச் சேர்ந்தன. வாங்கியவர்களில் ஒருவர் அதைப் படம் எடுத்து அனுப்பி, ‘இது சேர்த்துப் பார்க்கும் புதிரா?’ என்று மரியாதையாகக் கேட்டிருந்தார். அக்கா மறுநாளே கூரியர் அலுவலகத்துக்குப் போய், வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். மதியம் வரை பார்த்துவிட்டு, வண்டியில் சரக்கு ஏற்றுபவரிடம், “எவ்வளவு உயரத்துலேர்ந்து போடுவீங்க?” என்று விசாரித்தார். “நாங்க எங்கம்மா போடறோம்? வைப்போம்” என்றபடியே அவர் கையிலிருந்த பெட்டியைப் பத்தடி தள்ளி நின்றவருக்கு வீசினார். “ஆமா, வைக்கறதைத்தான் இவ்வளவு நேரமா பாத்துட்டு இருக்கேன்” என்று சொல்லிவிட்டு அக்கா எழுந்து வந்தார். அன்று மாலைதான் எங்கள் மாடிப்படியில் முதல் பெட்டி விழுந்தது.

அதற்கு முன்னால் பதினான்கு வருடங்களாக அவர் கோப்பை விற்றது, பழைய கிடங்கு ஒன்றில் சனிக்கிழமைதோறும் கூடிய கைவினைச் சந்தையில். அங்கே அவர் விற்ற விதத்தைப் பார்த்தால், விற்க வந்தவரா வேண்டாம் என்று சொல்ல வந்தவரா என்று சந்தேகம் வரும். கோப்பையை வாங்குபவர் கையில் கொடுத்துவிட்டு அவருடைய முகத்தைப் பார்க்க மாட்டார், விரல்களைப் பார்ப்பார். கைப்பிடியை அவர் காது என்றுதான் சொல்வார். காதுக்குள் எத்தனை விரல் போகிறது, கட்டைவிரல் எங்கே உட்காருகிறது, மணிக்கட்டு எப்படிச் சாய்கிறது எல்லாவற்றையும் கவனித்துவிட்டு, “இது உங்க கை இல்ல. அந்தப் பச்சைய எடுங்க” என்பார். பிடிவாதமாகத் தவறான கோப்பையையே கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்கு அதை வேண்டுமென்றே மிக மெதுவாகக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பார். பாதி சுற்றும்போதாவது மனம் மாறட்டும் என்று.

எனக்கும் அது நடந்தது. நான் பத்திரிகைக்கு எழுதுகிறவன், முதல் மாடியில் இருக்கிறேன், தேநீர் நிறையக் குடிப்பேன் என்று சொல்லி ஒரு பெரிய கோப்பையை எடுத்தேன். அதைப் பிடுங்கிவிட்டுத் தடித்த காதுள்ள ஒரு சின்னக் கோப்பையைக் கொடுத்தார். “எழுத உக்காந்தா உங்களுக்கு ஆறிப்போனப்புறம்தான் ஞாபகம் வரும். சின்னதா இருந்தா சூடு இருக்கறப்பவே தீந்துடும்.” அவமானமாக இருந்தது. ஆனால், அன்றிலிருந்து நான் சூடாகத்தான் குடிக்கிறேன்.

பிறகு கிடங்கை யாரோ வாங்கினார்கள். சந்தை நின்றது. விற்க இடமில்லை என்பதற்காக அக்கா கை நிற்கவில்லை. கோப்பைகள் முதலில் கூடத்து அலமாரியை நிறைத்தன. அடுத்துத் துணி அலமாரிக்குப் போயின. கடைசியில் கணவரின் செருப்புத் தட்டுக்கும் வந்து சேர்ந்தன. அவர் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே விடுவது என்று தெரியாமல் நின்ற நாளில்தான் அக்கா மண் வனையும் சக்கரத்தை நிறுத்தினார். வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு மூலையைத் தடுத்து அவர் வைத்திருந்த கரண்ட் சூளை, நான்கு மாதம் குளிர்ந்து கிடந்தது. அந்த நாட்களில் அவர் படி இறங்கி வந்து, சூளையின் கதவைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு, மூடிவிட்டு, மறுபடி மேலே போவார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

கடையை இணையத்துக்குக் கொண்டுபோனது மருமகள். அக்காவின் மகனுக்குக் கப்பலில் வேலை. வருடத்தில் எட்டு மாதம் தண்ணீரில் இருப்பார். மருமகள் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் நாள் முழுக்கத் தொலைபேசியில் பிறர் கோபத்தைக் கேட்டுச் சமாதானம் சொல்லும் வேலையில் இருக்கிறார். அந்தப் பொறுமையில் மிச்சம் இருப்பதை வீட்டுக்குக் கொண்டுவருவார். பேருந்தில் உட்கார்ந்தபடியே போனில் கோப்பைப் படங்களைத் திருத்தி, இணையக் கடையின் பக்கத்தில் ஏற்றி, வரும் கேள்விகளுக்குப் பதில் அனுப்புவார்.

படம் எடுப்பது அக்காவின் வேலை என்று ஆரம்பத்தில் ஏற்பாடு. முதல் இருபது படங்களில் பதினேழில் அவருடைய கட்டைவிரல்தான் பிரதானம். விவரம் எழுதுவதில் இன்னும் தகராறு. மருமகள் ‘அழகிய கைவினைக் கோப்பை’ என்று எழுதினால், “அழகுன்னு நாமளே சொல்லிக்கறதா? வாங்கறவங்க சொல்லட்டும்” என்று அடித்துவிடுவார். அவர் சொல்லச் சொல்ல எழுதிய விவரம் ஒன்று இன்னும் பக்கத்தில் இருக்கிறது: ‘கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்து நிற்கும். கொட்டாது. அவசரமாகக் குடிப்பவர்களுக்கு வேண்டாம்.’ அது அன்றே விற்றுப்போனது. மருமகளுக்கு இன்றுவரை காரணம் புரியவில்லை.

எல்லாவற்றையும்விட அக்காவை வாட்டியது, கை தெரியாததுதான். “யாரு, என்னன்னு தெரியாம எப்படி அனுப்பறது? விரல் எப்படி இருக்குன்னு தெரிய வேண்டாமா?” என்று இரண்டு நாள் புலம்பினார். மூன்றாம் நாள் மருமகளுக்குத் தெரியாமல், ஆர்டர் கொடுத்த எல்லாருக்கும் ஒரு மெசேஜ் போய்விட்டது: ‘உங்கள் வலது கையைப் படம் எடுத்து அனுப்பவும்.’

மருமகள் தலையில் அடித்துக்கொண்டார். பாதிப்பேர் பதிலே போடவில்லை. ஒருவர், ‘இது மோசடியா?’ என்று கேட்டார். மீதிப்பேர் சமர்த்தாக அனுப்பினார்கள். ஒரு பெண் தெளிவாக உள்ளங்கை ரேகை தெரியும்படி அனுப்பி, ‘கல்யாணம் எப்ப நடக்கும்?’ என்று கேட்டிருந்தார். அக்கா யோசித்து, ‘அது தெரியாது. கட்டைவிரல் விறைப்பா இருக்கு. நீலக் கோப்பை எடுத்துக்குங்க’ என்று பதில் போட்டார். அந்தப் பெண் ஐந்து நட்சத்திரம் கொடுத்தார். நேர்மையான இடம் என்று.

இப்படி ஆமை வேகத்தில் கடை நகர்ந்துகொண்டிருந்தபோதுதான் பெரிய ஆர்டர் வந்தது. புதிதாகத் திறந்த ஓர் அலுவலகத்தில் காகிதக் கோப்பைகளை ஒழிப்பது என்று முடிவு செய்திருந்தார்கள். ஊழியர்கள் இருநூற்று நாற்பது பேர். ஆளுக்கு ஒரு மண் கோப்பை. சூளைக்குள் தேய்ந்துபோயிருந்த சுருள் கம்பிகளை மாற்றி, வருடம் முழுக்கத் தடையில்லாமல் வேலை செய்ய வழிபண்ணக்கூடிய ஆர்டர். மருமகள் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டு, பேருந்திலிருந்து இறங்கி ஓடியே வந்தார். நிபந்தனை ஒன்றே ஒன்று: எல்லாக் கோப்பையும் அச்சில் வார்த்ததுபோல ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

அந்த அலுவலகத்தின் கொள்முதல் அதிகாரி வீடியோ அழைப்பில் பேச விரும்பினார். முகத்துக்கு வெளிச்சம் வேண்டும் என்று, மேசை விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க என்னை அழைத்திருந்தார்கள். அதனால் நடந்ததெல்லாம் எனக்குத் தெரியும். அக்கா சலவை செய்த புடவை கட்டி, தலையை வாரி, பரீட்சைக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். அதிகாரி இளவயதுக்காரர், நல்ல மனிதராகத்தான் தெரிந்தார்.

“எல்லாமே ஒரே மாதிரி இருக்கணும் மேடம். எங்களுக்கு அதான் முக்கியம்.”

“உங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் ஒரே மாதிரி கையா சார்?”

“புரியல மேடம்.”

“கை சார், கை. எங்க, உங்க கையைக் கொஞ்சம் காட்டுங்க.”

பாவம், அவர் வகுப்பில் பதில் சொல்லக் கை தூக்கும் பிள்ளை மாதிரி கையைத் தூக்கிக் காட்டினார். அக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரைக்கு அருகே போனார். “சுண்டுவிரல் நீளம். உங்களுக்கு அகலக் காது வேணும். நீங்க கேக்கற கோப்பை உங்களுக்கே ஒத்துவராது.”

திரைக்குப் பின்னால் நின்ற மருமகள் இரண்டு கையையும் கூப்பி, வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினார். அக்கா அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“வேற யாரும் எங்ககிட்ட கை கேக்கல மேடம்” என்றார் அதிகாரி.

“அதான் இத்தனை நாள் பேப்பர் கப்புல குடிச்சிருக்கீங்க.”

யோசித்துவிட்டுச் சொல்கிறோம் என்று அவர் அழைப்பை முடித்தார். நான் விளக்கை அணைக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றேன்.

மருமகள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. போனை மேசைமேல் வைத்துவிட்டு, ஒரு தாளில் ஏதோ எழுதி அதன் பக்கத்தில் வைத்தார். “கடைப் பக்கத்தோட பாஸ்வேர்ட் எழுதி வச்சிருக்கேன் அத்தை. இனிமே நீங்களே பாத்துக்குங்க.”

“இப்ப என்ன ஆச்சுன்னு…”

“ஒண்ணும் ஆகல. ஆறு மாசமா பஸ்ல உக்காந்து உங்க கோப்பையத்தான் பாத்துட்டு வரேன். ஜன்னலுக்கு வெளிய என்ன இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது. நாளைக்காச்சும் வெளிய பாக்கறேன்.”

மருமகள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அக்கா அந்தத் தாளை எடுத்து, படிக்காமல், நான்காக மடித்து, விரித்து, மறுபடி மடித்தார். நான் விளக்கை மேசையில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் படியிறங்கினேன்.

அடுத்த இரண்டு நாள் பத்து மணிக்கு டமால் கேட்கவில்லை. இரண்டாவது மாடிக்காரர் அலுவலகத்துக்குத் தாமதமாகப் போனார்.

மூன்றாம் நாள் அக்கா தானே அந்த அதிகாரிக்கு போன் செய்தார். சூளைக்குப் பக்கத்தில் நின்று, யாருக்கும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு, கட்டடத்துக்கே கேட்கும் குரலில் பேசினார். “சார், நான்தான் கோப்பைக்காரி. ஒரே மாதிரியே செஞ்சு தரேன். கை காட்ட வேண்டாம்.” மருமகளிடம் எதுவும் சொல்லவில்லை. ஆர்டர் உறுதி என்று அதிகாரி எழுதிய மின்னஞ்சல் வந்தபோதுதான் மருமகளுக்கே விஷயம் தெரிந்தது. அன்று மாலை வீட்டுக்கு வந்தவர், மேசைமேல் இருந்த பாஸ்வேர்ட் தாளை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஏழு வாரம் வேலை நடந்தது. கணவருக்கு ஓய்வுபெற்ற பின் கிடைத்த முதல் உத்தியோகம் அது. லிஃப்ட் வேலைக்குப் பயன்படுத்திய அளவுகோல்களையெல்லாம் துடைத்து எடுத்துவந்து, ஒவ்வொரு கோப்பையையும் உயரம், அகலம், காதின் வளைவு என்று அளந்தார். “அரை மில்லி அதிகம்” என்பார் சந்தோஷமாக. அக்கா பதில் பேசாமல் அந்த ஈரக் கோப்பையைக் கையால் நசுக்கி மண் குவியலில் போடுவார். ஒரே மதியத்தில் பதினொரு கோப்பை அப்படிப் போனதை நான் பார்த்தேன். பதினொன்றாவதை நசுக்கும்போது மட்டும், “நாப்பது வருஷம் ஜனங்க எப்படித்தான் உங்க லிஃப்ட்ல பயமில்லாம ஏறினாங்கன்னு இப்பத் தெரியுது” என்றார். கணவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். பாராட்டுதான் என்று நினைக்கிறேன்.

சாதாரணமாகச் சக்கரம் சுற்றும்போது அக்கா பாடுவார். ராகம் இருக்காது; வார்த்தையும் பாதிதான் இருக்கும். அந்த ஏழு வாரமும் பாட்டு இல்லை. மருமகள் அதைக் கவனித்திருக்க வேண்டும். அலுவலகம் முடிந்ததும் நேரே கீழே வந்து, கைப்பையை ஓரமாக வைத்துவிட்டு, கோப்பைகளில் நிறுவனத்தின் முத்திரையைப் பதிக்க உட்கார்ந்துவிடுவார். ஒரு நாள் தலை நிமிராமல் கேட்டார்: “கஷ்டமா இருந்தா சொல்லுங்க அத்தை. பாதியோட நிறுத்திக்கலாம். நான் பேசிக்கறேன்.”

“கஷ்டம் எல்லாம் இல்ல. போர் அடிக்குது. அது வேற.”

“அப்ப எதுக்கு ஒத்துக்கிட்டீங்க?”

அக்கா கைமண்ணை வழித்துக்கொண்டே, “நீ ஜன்னல் வழியா பாத்தியே, என்ன இருந்துச்சு?” என்று கேட்டார்.

“ஒண்ணுமே இல்ல. ஒரு பெட்ரோல் பங்க். அப்புறம் இன்னொரு பெட்ரோல் பங்க்.”

இருவரும் சேர்ந்து சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

இருநூற்று நாற்பதும் சூளையிலிருந்து வெளியே வந்து, வண்டி நிறுத்தும் இடத்தில் பலகைகள்மேல் வரிசையாக நின்றன. ஒரே உயரம், ஒரே வெள்ளை, ஒரே பக்கம் திரும்பிய காதுகள். உள்ளபடியே அழகாக இருந்தன. அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தார். “நல்லாத்தான் இருக்கு” என்றார், யாரோ கையை முறுக்கிச் சொல்லவைத்தது போல. இருபத்துநான்கு கோப்பைகள் அடங்கிய பெட்டி ஒன்றை, வழக்கம்போல மேலே தூக்கிக்கொண்டு போய்க் கீழே போட்டார்கள். தரையில் ஓடு ஒன்று விரிசல் விட்டது. கோப்பை ஒன்றில்கூட விரிசல் இல்லை. ஓடு பற்றிக் குடியிருப்போர் சங்கத்திலிருந்து வந்த கடிதத்தைக் கணவர் நற்சான்றிதழ் மாதிரி பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார்.

கோப்பைகள் போய்ச் சேர்ந்தன. பணமும் வந்தது. சூளைக்குப் புதுக் கம்பி போட்டார்கள். அக்கா மறுபடி ஒன்றுபோல் ஒன்று இல்லாத கோப்பைகளுக்கும், ராகமில்லாத பாட்டுக்கும் திரும்பினார்.

ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் அவர்கள் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது மருமகளின் போன் அடித்தது. அந்தக் கொள்முதல் அதிகாரி. விடுமுறை நாளில் அழைத்ததும் மருமகளுக்கு முகம் வெளுத்தது. எல்லாருக்கும் கேட்கும்படி போனை மேசையில் வைத்தார்.

“மேடம், ஒரு சின்னப் பிரச்சினை.”

“உடைஞ்சுடுச்சா?” என்றார் அக்கா, எழுந்து நின்று.

“ஒண்ணுகூட உடையல மேடம். உடைஞ்சிருந்தாக்கூடப் பரவாயில்ல. எது யாரோடதுன்னு தெரியல.”

அவர் தொடர்ந்தார். கழுவி அடுக்கினால் இருநூற்று நாற்பதும் ஒன்றுபோல நிற்கின்றனவாம். ஒருவர் கோப்பையில் இன்னொருவர் குடித்துவிட, இரண்டு பிரிவுகளுக்குள் பேச்சுவார்த்தையே நின்றுபோனதாம். ஸ்டிக்கர் ஒட்டிப் பார்த்தார்கள், கழுவியதும் உரிந்து வந்துவிட்டது. ஒரு பெண் நகப்பூச்சால் புள்ளி வைத்தார். மறுநாள் அதே நிறத்தில் நான்கு கோப்பைகளில் புள்ளி இருந்தது. மேனேஜரின் கோப்பை வாசல் காவலாளியிடம் கிடைத்தது. அவரோ அது தன்னுடையது என்று சத்தியம் செய்கிறார்.

“என் கோப்பையை நானே பாத்துப் பத்து நாள் ஆச்சு மேடம்” என்றார் அதிகாரி, குரல் தாழ்ந்து. “இதையெல்லாம் விருந்தாளிங்களுக்குன்னு எடுத்து வச்சுட்டு, புதுசா வாங்கலாம்னு இருக்கோம். ஆளுக்கு ஒரு மாதிரி… பாத்தா அவங்கவங்களுக்குத் தெரியற மாதிரி… ஒண்ணுபோல ஒண்ணு இல்லாம செஞ்சு தர முடியுங்களா?”

கணவர் தேநீரை விழுங்காமல் வாயிலேயே வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார். மருமகள் அத்தையைப் பார்த்தார். நானும்தான். ஏழு வாரம் சேர்த்துவைத்த வசனங்கள் அவரிடம் எத்தனை இருக்கும் என்று எனக்குத் தெரியும். இதோ வரப்போகிறது என்று கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

“நீயே பேசி முடிச்சுடும்மா” என்று அக்கா போனை மருமகள் பக்கம் நகர்த்தினார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டி அலமாரியின் பக்கம் திரும்பி, சுத்தமாக இருந்த ஒரு கோப்பையை எடுத்துத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். மருமகள் தேதியும் எண்ணிக்கையும் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அந்த ஒரே கோப்பையைத்தான் துடைத்துக்கொண்டிருந்தார். அடக்கிய சிரிப்பில் தோள்கள் மட்டும் குலுங்கிக்கொண்டே இருந்தன.